மூன்று மூச்சு

வீட்டுக்குக் குழாயில் வருகிற எரிவாயுவுக்கு வாசனையே கிடையாது. கேட்டால் நம்பமாட்டீர்கள். பூமிக்கடியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அறை நிறைய அது நின்றாலும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம்; விளக்கு சுவிட்சைத் தட்டும் வரைக்கும் ஒன்றும் தெரியாது. அடுப்பைத் திறந்துவிட்டால் அழுகின முட்டைக்கோஸ் மாதிரி குப்பென்று அடிக்கிறதே, அது கம்பெனிக்காரன் வேண்டுமென்றே கலக்கிற மருந்து. நூறு கோடிப் பங்கு காற்றில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே மனுஷ மூக்கு அதைப் பிடித்துவிடும். அந்த நாற்றம் ஊரின் கடைசி வீடு வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று யாராவது தெருத்தெருவாக மோந்து பார்க்க வேண்டும் இல்லையா? அப்படிப் பார்த்தவள்தான் மூக்கக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்றபடி மேலாளர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் மூக்கக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூடப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள்.

இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றைக்கு மேஜைமேல் ஆறு கண்ணாடிப் புட்டிகள் வைத்திருந்தார்கள். ஐந்தில் வெறும் தண்ணீர், ஒன்றில் மருந்து ஒரு பொட்டு. வந்த முப்பது பேரும் திருதிருவென்று விழித்துவிட்டுப் போனார்கள். இவள் நாலாவது புட்டியைத் தள்ளி வைத்து, மருந்து இதில்தான் இருக்கிறது, ஆனால் ரெண்டாவது புட்டியைத் தொட்டவர் வாசனை சோப்பு போட்டிருக்கிறார் என்றாளாம். தேர்வு நடத்த வந்த அதிகாரி தன் கையைத் தானே மோந்து பார்த்துக்கொண்டார். அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்கள்.

அந்த மூக்கால் நல்லதும் நடந்தது, நடக்க வேண்டியது நடக்காமலும் போயிற்று. அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். சிகரெட்டை விட்டு ஒரு வருஷம் ஆகிறது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். இவள் சும்மா இருக்கக் கூடாதா? "மதியம் ரெண்டு பிடிச்சிருக்கீங்க" என்றாள். மூக்குடைபட்டுப் போனவர் போனவர்தான். அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. அம்மாவும் மகளும் ரெண்டு அறை வீட்டில் அப்படியே இருந்துவிட்டார்கள். தங்கையைக் கட்டிக் கொடுத்து அனுப்பியாயிற்று.

வேலை என்னவென்றால், மோப்பப் பெட்டி என்று ஒன்று. தையல் மிஷின் அளவு இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் ரப்பர் குழாய், அதை எரிவாயுக் குழாயில் மாட்ட வேண்டும். மேலே ஒரு புனல், பக்கத்தில் ஒரு திருகு, ஒரு முள். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் காற்றோடு வாயு கலந்து புனல் வழியாக வரும். மூக்கைப் புனலில் வைத்து, முதன்முதலில் எந்த இடத்தில் நாற்றம் தெரிகிறதோ அங்கே நிறுத்தி முள் காட்டுகிற எண்ணைச் சொல்ல வேண்டும். காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு வாயு சேர்ந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால் நூற்றுக்கு ஒன்று சேருவதற்குள் எந்தச் சாதாரண மூக்குக்கும் தெரிந்துவிட வேண்டும், அதுதான் சட்டம். இவளுடைய மூக்கு பாயிண்ட் மூணிலேயே பிடித்துவிடும்.

அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு, மூன்று மூச்சு. முதல் மூச்சில் வருவதை நம்பக் கூடாது, அது ஆசையாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். ரெண்டாவது மூச்சு இழுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் முகத்தைத் திருப்பி வெளிக்காற்றை வாங்கிக்கொண்டு மூன்றாவது. ஏனென்றால் மூக்கு சீக்கிரம் சலித்துப்போகிற ஜந்து. ஒரே நாற்றத்தைத் தொடர்ந்து கொடுத்தால் சில நிமிஷத்தில் அது இல்லவே இல்லை என்று சாதித்துவிடும். மூன்று மூச்சும் ஒன்றையே சொன்னால்தான் அவள் வாயைத் திறப்பாள்.

வாரத்துக்குப் பதினாலு இடம். வேனை ஓட்டுகிறவரை அவள் அண்ணே என்று கூப்பிடுவாள். ஒரு மூக்கு ஏமாறலாம் என்று கம்பெனி ரெண்டு மூக்கு கேட்டது. அதனால் அண்ணனும் தனியாக மோந்து பார்த்துத் தன் எண்ணைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். பதினோரு வருஷம் ஒரு வாரம் விடாமல் போட்டார்.

வேனில் போகும்போது மூக்கைப் பற்றிப் படித்ததையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வருவாள். ஆண் அந்துப்பூச்சி கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கிற பெண் பூச்சியை வாசனையிலேயே தேடி வந்துவிடும். சால்மன் மீன் கடலெல்லாம் சுற்றிவிட்டுத் தான் பிறந்த ஆற்றுத் தண்ணீரை மோந்து கண்டுபிடித்துத் திரும்பும். தூர தேசம் ஒன்றில் எரிவாயுக் குழாய் கசிந்த இடத்துக்கு மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டம் போடுமாம். அழுகின பிணத்திலிருந்து வருகிற சரக்குதான் இந்த மருந்திலும் இருக்கிறது, ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். அப்படியானால் நீயும் ஒரு கழுகுதானாம்மா என்று அண்ணன் கேட்பார். அவளும் சிரிப்பாள்.

போன வருஷம் அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல் வந்தது. இவள் எழுந்தாள், அம்மா எழவில்லை. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் அம்மாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது, அந்த நடைபாதையில் பினாயில் வாசனை இல்லையே என்று இவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. தங்கை சுவரில் சாய்ந்து கதறினாள். இவள் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, பினாயில் போடாமல் எப்படித் தரையைத் துடைக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து சோப்பை மோந்து பார்த்தாள், மண்ணெண்ணெயை மோந்து பார்த்தாள். ரெண்டும் தண்ணீர்தான்.

டாக்டர் பயப்படவில்லை. மூக்கு நரம்பு மற்ற நரம்பு மாதிரி இல்லை, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானே புதிதாக முளைக்கும். ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருஷம் ஆகலாம், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார். அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும். நாக்கில் உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு மட்டும் மிச்சம் இருந்தது. மற்ற ருசியெல்லாம் மூக்குதான் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதும் தெரிந்த விஷயம்தான். சோற்றில் உப்பைப் போட்டு விழுங்கினாள்.

அம்மா கடைசி வரைக்கும் போர்த்திக்கொண்டிருந்த கம்பளிச் சால்வை ஒன்று இருந்தது. அதைத் துவைக்காமல் மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கி அலமாரியில் வைத்தாள். வாசனை என்பது காற்றில் வருகிற சேதி இல்லை, பொருளே கிளம்பி வருவது. மோந்து பார்க்கப் பார்க்கக் குறையும். அதனால் மூக்கு திரும்பி வருகிற அன்றைக்கு ஒரே ஒரு தரம் திறப்பது என்று வைத்துக்கொண்டாள். அம்மாவுக்காக அழுவதையும் அந்த நாளுக்குத் தள்ளி வைத்துவிட்டாள் போலிருக்கிறது.

இங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். ஜலதோஷம் என்றால்கூட எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அவள் எழுதிக் கொடுக்கவில்லை. மூக்கு இல்லாத மூக்கக்கா என்று ஒருத்தி இருக்க முடியுமா? ஒரு வாரம் பார்ப்போம் என்று வேனில் ஏறினாள். புனலில் முகத்தை வைத்தாள், திருகைத் திறந்தாள், முள் வழக்கமான இடத்துக்கு வந்ததும் "பாயிண்ட் மூணு" என்றாள். நாற்றம் பிடிக்க ரெண்டாவது மூக்கு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது, ஏதாவது கோளாறு என்றால் அண்ணன் சொல்லிவிடுவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஒரு வாரம் ஐந்து மாதம் ஆயிற்று. இருபத்தாறு வருஷத்து எண்களெல்லாம் மனப்பாடம். ஞாபகத்திலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மூன்று மூச்சுக் கணக்கை மட்டும் விட்டுவிட்டாள். எதற்கு மெனக்கெட வேண்டும்?

அந்தச் சனிக்கிழமை மதியம் வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள். புதிதாகக் கட்டின ஆறு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குத் தங்கை குடிபோய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. குழந்தைகள், தண்ணீர் வரும் நேரம், எதிர்வீட்டுக்காரியின் வாய் என்று எல்லாம் பேசிவிட்டு, போகிறபோக்கில் ஒன்று சொன்னாள்.

"நேத்து பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சுக்கா. நான் கவனிக்கவே இல்ல. திரும்பி வந்து பார்த்தா கேஸ் திறந்தே கிடக்கு. ஆனா உங்க கம்பெனி கேஸ் நல்லா சுத்தமா இருக்குக்கா, ஒரு வாசனையே வரல."

மூக்கக்கா சோற்றை வாயில் வைத்தபடியே இருந்தாள். போன வாரம் அந்தக் கட்டடத்துக்கும் பாயிண்ட் மூணு கொடுத்தவள் அவள்தான். புது இரும்புக் குழாய் மருந்தைக் குடித்துவிடும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. குழாயின் உள்சுவர் வயிறு நிறையக் குடித்து முடிக்கும்வரை வீட்டுக்கு வெறும் வாயுதான் வந்து சேரும். அதுவும் இப்போதைக்கு நாலைந்து குடும்பம் மட்டும் குடிவந்திருக்கிற கட்டடம், வாயு மெதுவாக நகரும், குடிப்பதற்கு வசதி. அதற்காகத்தான் மோப்பம் பார்ப்பதே. அடுப்பைத் தொடாதே, எந்தச் சுவிட்சையும் போடாதே, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி வா என்று தங்கையிடம் சொன்னாள். அவள் குரல் சந்தைக்குப் போய் வரச் சொல்வது மாதிரி இருந்தது. அவளுக்கே அது தெரிந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.

பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வாசலுக்கு வெளியே மீட்டர் அலமாரிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கி வைத்தாள். இன்றைக்கு முதலில் நீங்கள் பாருங்கள் என்றாள். அண்ணன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, புனலில் முகத்தை வைத்து, திருகைத் திறந்து, உடனே நிமிர்ந்தார்.

"பாயிண்ட் மூணும்மா."

ரப்பர் குழாய் இன்னும் அவள் கையில் இருந்தது. அதை எங்கேயும் மாட்டவே இல்லை.

அண்ணனும் பார்த்துவிட்டார்.

"மூக்குப்பொடி போட்டுப் போட்டு எனக்கு எப்பவோ போயிடுச்சும்மா" என்றார் அவர். "நீ மூணு சொன்னா நான் மூணரை எழுதுவேன், சிலநாள் ரெண்டரை. உன் மூக்குதான் இருக்கேன்னு நினைச்சேன்."

"நான் உங்க மூக்கு இருக்கேன்னு நினைச்சேன்."

அவருக்குப் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து மாதமாக அந்த ஊருக்கு மூக்கே இல்லை. ரெண்டு பேர் கையெழுத்து மட்டும் வாரா வாரம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

தங்கை குழந்தைகளோடு இறங்கி வந்தாள். அக்கா அவளைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, குழாயை மாட்டி, மூன்று மூச்சு எப்படி எடுப்பது என்று சொன்னாள். தங்கை அதைப் பரீட்சை எழுதுகிறவள் மாதிரி செய்தாள். ஒன்றில் முள் நின்றபோது மூன்று மூச்சு வாங்கி, இல்லை என்று தலையாட்டினாள். ஒன்றரையிலும் இல்லை. ரெண்டிலும் முகத்தைத் திருப்பி, வெளிக்காற்றை வாங்கி, மறுபடி குனிந்து, வெகு நேரம் கழித்து, "ஒண்ணும் இல்லக்கா" என்றாள். மூக்கக்கா திருகை மூடினாள். அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். எடுத்தவரிடம், இந்தக் கட்டடத்துக்கு வாயுவை நிறுத்துங்கள், வாசனை இல்லை என்றாள். போன வாரம் நீங்கள்தானே பாயிண்ட் மூணு கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டார்.

"குடுத்தேன். எனக்கு அஞ்சு மாசமா மூக்கு வேலை செய்யல. நான் குடுத்ததெல்லாம் பொய்."

பக்கத்தில் நின்ற தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கு போன விஷயம் அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தைக் காலி செய்து, குழாய்க்குள் மருந்தை அதிகமாக ஊற்றி, இரும்பு குடித்து முடிக்கும்வரை மூன்று நாள் காத்திருந்தார்கள். மூன்று நாளும் சமைக்க முடியாமல் அந்தக் கட்டடத்துக்காரர்கள் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ரெண்டு மூக்குகள் வந்து மற்ற பதின்மூன்று இடத்தையும் பார்த்தன. எல்லாம் சரியாக இருந்தது. பழைய குழாய்கள் எப்போதோ குடித்து முடித்துவிட்டன.

விசாரணையில் மேலாளர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: ஏன் சொல்லவில்லை? ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷ உழைப்பை மனதில் வைத்து வேலையை விட்டு எடுக்கவில்லை, மீட்டர் தாள்களை அடுக்குகிற பின்கட்டு அறைக்கு மாற்றினார்கள். அண்ணன் தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மூக்கக்கா என்று அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. "இந்தாங்க", "கொஞ்சம் கேளுங்க" என்றுதான் கூப்பிட்டார்கள்.

டாக்டர் சொன்னபடி ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் என்று நாலு புட்டியைக் காலையும் மாலையும் மோந்து பழகினாள். மூக்குக்கும் உடற்பயிற்சி உண்டாம். நாலு புட்டியும் தண்ணீராகவே இருந்தன. அம்மா போய் ஒரு வருஷம் ஆயிற்று. டாக்டர் ஆறுதலாக எதையோ சொல்ல ஆரம்பித்தார். அவள் நடுவிலேயே எழுந்து வந்துவிட்டாள்.

பிளாஸ்டிக் பையும் நிரந்தரம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் அதன் வழியாகவும் வாசனை கசிந்துகொண்டேதான் இருக்கும். தனக்கு இல்லையென்றாலும், முழுசாகப் போவதற்குள் யாராவது ஒருத்தர் அதை மோந்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள்.

சமையலறை மேஜையில் வைத்துப் பிரித்தார்கள். தங்கை சால்வையை ரெண்டு கையாலும் எடுத்து முகத்தில் வைத்தாள். உடனே நிமிர்ந்தாள்.

"அம்மா வாசனை அப்படியே இருக்குக்கா."

அக்கா அவளைப் பார்த்தாள். ஒரு மூச்சுகூட முழுசாக இல்லை. இந்த வேகத்தில் சொல்லப்பட்ட எண் எங்கிருந்து வருகிறது என்று இந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

"எனக்கும் அஞ்சு மாசம் அப்படித்தான் வாசனை வந்துது" என்றாள். "மூணு மூச்சு எடு."

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுபடி சால்வையில் முகத்தை வைத்தாள். ஒரு மூச்சு. இன்னொன்று. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, காற்றை வாங்கி, திரும்ப வந்து, கழுத்தைச் சுற்றுகிற மடிப்பைத் தேடிப் பிரித்து, அங்கே மூன்றாவது. அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இல்லக்கா" என்றாள் தங்கை. "பிளாஸ்டிக் வாசனைதான் வருது."

அக்கா சரி என்றாள். சால்வையை வாங்கி மடிக்க ஆரம்பித்தாள். பாதி மடிப்பில் கை நின்றுவிட்டது. இனிமேல் இதைப் பையில் போட்டுக் கட்ட வேண்டியதில்லை என்று உறைத்தது. காத்திருப்பதற்கும் ஒன்றும் இல்லை. அம்மா போய்விட்டாள் என்பது அவளுக்கு அப்போதுதான், அந்த மேஜைக்கு முன்னால், தெரிந்தது. அவள் சால்வையைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கை பக்கத்தில் வந்து நின்று, அக்கா, அக்கா என்று தோளை உலுக்கினாள். எதற்கு உலுக்குகிறாள் என்று முதலில் புரியவில்லை. உதட்டோரம் ஈரமாக இருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தாள். உப்பு நன்றாகத் தெரிந்தது.